தீ மூட்டாத காடு

எனக்கு இந்த மாசியோடு எழுபத்திரண்டு முடிகிறது. ஏழு பெற்றேன், இரண்டை மண்ணுக்குக் கொடுத்தேன், ஆறை வளர்த்து ஆளாக்கினேன். கணக்கு இடிக்கிறதே என்று பார்க்க வேண்டாம். அந்த ஆறாவது, பிள்ளை பெற்ற இடத்திலேயே கண்ணை மூடிய என் நாத்தனாருடைய மகன். அவனும் என் பாலைக் குடித்தவன்தான். ஆறு பேரில் ஒருவர்கூட ‘எங்க ஆத்தா எங்களைப் பட்டினி போட்டா’ என்று சொல்ல முடியாது.

எழுத்து எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்த பிறகு, முதியோர் வகுப்பு என்று ஊர்ச் சாவடியில் ஒரு டீச்சர் பலகை வைத்துச் சொல்லிக் கொடுத்தது. மற்ற பொம்பளைகள் பெயர் எழுதப் பழகியதும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, காலண்டர் தாள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். எனக்கு இப்போது வேறு அவசரம் ஒன்றும் இல்லை.

என் சோட்டுப் பெண்களே, என்னோடு களை எடுத்தவர்களே, தீப்பெட்டி ஆபீஸ் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கியவர்களே, இது உங்களுக்காகத்தான். உங்களில் நாலைந்து பேர்தான் இன்னும் இருக்கிறீர்கள். நான் சொல்லப் போவது ஒரு விட்டில் பூச்சியைப் பற்றி. என் சின்னாத்தாளைப் பற்றியும். சின்னாத்தா என்றால் என் அய்யாவுடைய தம்பி பெண்சாதி. உங்களுக்கு அவளைத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆமத்தூருக்கும் திருத்தங்கலுக்கும் நடுவே, இப்போது வெடிக் கம்பெனிகள் வேலி போட்டு நிற்கிற இடமெல்லாம் அப்போது செவக்காடு, செம்மண் புஞ்சை. மானாவாரிக் கடலை. எனக்கு ஒன்பது வயது. கோடையில் காட்டில் வேலை இருக்காது. நாம் என்ன செய்வோம்? வரப்போரத்து வேப்ப மரத்தடியில் குச்சியால் தோண்டுவோம். ஒரு சாண் ஆழத்தில் அது கிடைக்கும். புளியங்கொட்டை நிறம், புளியங்கொட்டையைவிட நீளம், ஒரு முனை மழுக்கு, ஒரு முனை கூர். வெளியே மண் சுட்டாலும் அது மட்டும் உள்ளங்கையில் சில்லென்று இருக்கும். விதை மாதிரி இருந்தாலும் விதை இல்லை. தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் வால்பக்கம் ஆடும்.

“மாமியா வீடு எங்கன? மாமியா வீடு எங்கன?” என்று கேட்போம். அது வாலை ஆட்டி நிறுத்துகிற திசையில்தான் நாம் வாக்கப்படுவோம் என்று பேச்சு. எனக்கு எப்போதும் மல்லாங்கிணறு பக்கமே காட்டும். நான் வாக்கப்பட்டது அதற்கு நேர் எதிர்த் திசை. பூச்சிக்கு அம்புட்டுத்தான் தெரியும்.

சின்னாத்தா எனக்கு ஒரு சின்ன ஓலைக் கொட்டான் முடைந்து கொடுத்திருந்தாள். வாய் குறுகலாக, இரண்டு பக்கமும் சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலை ஓடும். அதில் இருபது முப்பதைப் போட்டுக் கூரை விளிம்பு இறவாணத்தில் தொங்கவிட்டிருந்தேன். தினமும் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். தீனி கேட்காது, தண்ணீர் கேட்காது. சாகவும் சாகாது. இப்படி ஒரு சீவன் உண்டா என்று எனக்கு ஆச்சரியம். தை மாதத்தில் மண்ணுக்குள் போனது, அடுத்த பெருமழை மண்ணை நனைக்கிற வரைக்கும், எட்டு மாதமோ ஒன்பது மாதமோ, அப்படியே கிடக்கும். மழை தப்பினால் இன்னும் கொஞ்ச நாள் கிடக்கும். ஈரம் இறங்க வேண்டும். அதுதான் அதற்குக் காலண்டர்.

அந்த வருசம் ஆவணியில் பெய்த மழைக்கு எல்லாரும் கடலை விதைத்தார்கள். செடி நாலு விரல் வந்த பிறகு புரட்டாசியில் ஒரு பெருமழை. இறவாணத்தில் தொங்கிய கொட்டான் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. மறுநாள் பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முந்தி எடுத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் முதுகில் வெடித்திருந்தது. உள்ளேயிருந்து ஈரத்துணியைக் கசக்கிப் போட்டது மாதிரி ஒன்று ஊர்ந்து வந்து, சுவரில் ஏறி, கால்களைப் பற்றிக்கொண்டு தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கசங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நீவி விட்டதுபோல விரிந்தது. முன்இறகு காவி கலந்த வெள்ளை, ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. பின்இறகு வெள்ளை, அதில் கறுப்புப் பொட்டு. தலையில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி.

“ஆத்தா, இங்கன வந்து பாரேன்!” என்று கத்தினேன்.

ஆத்தா வந்து பார்த்தாள். பார்த்த கையோடு விளக்குமாற்றை எடுத்தாள்.

“ஏ மூதி! ஊரு பூராம் இந்தச் சனியனைக் கொல்லத் திரியுது, நீ கொட்டான்ல போட்டு வளக்கியா? இதுதான்டி கம்பளிப்புழுவுக்கு ஆத்தாக்காரி!”

சுவரெல்லாம் சாம்பல் மாதிரித் தூள் ஒட்டியது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், கடலையைத் தின்கிற அந்தச் செங்கம்பளிப்புழுவும் இந்தக் கல்யாணக்காரியும் ஒரே ஆள் என்று.

தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. ஊர்க் காவல்காரர் சொல்லிக்கொண்டு போனார். “பொழுது சாயவும் காட்டுக்கு ஒரு கட்டு மாரு! வீட்டுக்கு ஒரு ஆளு! ஒரு காடு பாக்கியில்லாம எரியணும்!”

நமக்குள் அது ஒரு வழக்கம். பெருமழைக்கு மறுநாள் அந்தியில் விட்டில் கிளம்பும். ஆளாளுக்குத் தன் காட்டு நடுவே பருத்திமாரைக் குவித்து, ஒரே நேரத்தில் தீ மூட்டுவார்கள். விட்டில் வந்து விழுந்து சாகும். பருத்திமார் என்பது பஞ்செடுத்து முடிந்த பிறகு பிடுங்கி அடுக்கிய காய்ந்த பருத்திச் செடி. அடுப்புக்கும் அதுதான்.

சின்னாத்தா வீடு எங்கள் வீட்டை ஒட்டியது. சித்தப்பா முந்தின வருசம் காய்ச்சலில் போய்விட்டார். சின்னாத்தாளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நிலத்து முதலாளியிடம் விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு வாங்கிய சித்தப்பாவுடைய காட்டை அவளே உழ ஆள் பிடித்து, அவளே விதைத்திருந்தாள். அந்தக் காடு எங்கள் காட்டுக்கு அடுத்த வரப்பு.

அய்யா வாசலில் நின்று கேட்டார். “ஏ தாயி, ஒங் காட்டுக்குக் கட்டு எடுத்து வச்சிட்டியா?”

“இல்ல மச்சான். இருக்கிறதே நாலு கட்டு. அடமழைக்கு அதைத்தான் அடுப்புல வைக்கணும். பூச்சிக்குத் தீ மூட்டிட்டு நானும் எம் புள்ளையும் பச்சரிசியை நனச்சுத் திங்கவா?”

“ஊரோட ஒத்துப் போகணும்ல.”

“ஊரு எனக்கு ஒரு கட்டு குடுக்கட்டும், நானும் ஊரோட ஒத்துப் போறேன்.”

எங்கள் தொழுவத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு கட்டு இருந்தது. நான்தான் அதன்மேல் ஏறி விளையாடுவேன், அதனால் தெரியும். அய்யா தொழுவத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அய்யா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு கட்டு மாரு அன்றைக்கு அவர் கொடுத்திருந்தால் நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்காது.

அந்தி நமக்கெல்லாம் திருவிழா. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எட்டுத் திசையும் காட்டுக்கொரு தீ. ஈரத்தில் முதலில் புகையும், அப்புறம் சடசடவென்று பற்றும். மண்ணிலிருந்து யாரோ பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எறிவது மாதிரி விட்டில் கிளம்பி வரும். இறகு பொசுங்கும்போது தலைமயிர் கருகுகிற நாற்றம். நாம் ‘வா வா’ என்று கைதட்டுவோம். வந்ததெல்லாம் தீயில் விழவில்லை. நிறைய பூச்சி தீயைச் சுற்றிச் சுற்றிக் கிறங்கி, பக்கத்துச் செடிகளில் பொத்துப் பொத்தென்று உட்கார்ந்தது. அதிலும் வயிறு பெருத்ததுகள் கனம் தாங்காமல் இலையடியில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்தேன். எல்லாரும்தான் பார்த்தோம். பார்த்து என்ன?

அத்தனை தீக்கு நடுவில் ஒரு காடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. அதன் வரப்பில் சின்னாத்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“அடுத்தவ தீயில குளிர் காயறதுல சில பேருக்கு ஒரு சொகம்,” என்று எங்களுக்கு மேற்கே உள்ள காட்டுக்காரி உரக்கச் சொன்னாள்.

“எனக்குக் குளிரலக்கா,” என்றாள் சின்னாத்தா. “ஒங்களுக்கு வேர்க்குதுன்னா சொல்லுங்க, விசிறி கொண்டாறேன்.”

அவள் அப்படித்தான் பேசுவாள். அதுவும் அவளுக்கு ஆகவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் விடியக்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் கூப்பிட்டாள். நான் குழந்தையை வரப்பில் உட்கார வைத்து, நானும் தரையோடு தரையாக உட்கார்ந்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கடலை இலையின் அடிப்பக்கம் தெரியும். ஒரு இலைக்கு அடியில் மஞ்சளாக, கசகசாவை அள்ளி ஒட்டினாற்போல் இருந்தது.

“சின்னாத்தா, இலைக்கடியில கசகசா ஒட்டியிருக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒன்றை நசுக்கினாள். நீராக வந்தது.

“கசகசா இல்ல குட்டி. முட்டை. ஒரு இலையிலயே இம்புட்டா!”

“அப்ப என்ன செய்ய?”

“எரிக்கத்தான் மாரு இல்ல. கை இருக்குல்ல? எனக்கு ரெண்டு, ஒனக்கு ரெண்டு.”

மூன்று விடியல் அதே வேலை. நான் குனிந்து கண்டுபிடிப்பேன், அவள் கிள்ளி மடியில் போடுவாள். மற்ற காடுகளோடு ஒப்பிட்டால் அவள் காட்டில் முட்டை கம்மியாகத்தான் இருந்தது. எங்கள் காட்டு வரப்பில் நான் எட்டிப் பார்த்தேன், இலைக்கு இலை மஞ்சள். வீட்டில் சொன்னேன். “தீ வச்சாச்சுல்ல, எல்லாம் செத்துருக்கும், போடி,” என்றார் அய்யா. மூன்றாம் நாள், முந்தியே பொரித்த சில இலைகள் சல்லடைக் கண்ணாக இருந்தன. அடியில் மயிர்க்கோடு மாதிரிக் குஞ்சுப்புழு கும்பலாக. அதையும் சேர்த்துக் கிள்ளினோம். காட்டு மூலையில் குழி வெட்டி, மடியைக் கொட்டி, மண் தள்ளி, அவள் காலால் மிதித்தாள். மிதிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“போ. எங்கயிருந்து வந்தயோ அங்கனயே போ. எங் காட்டுப் பக்கம் திரும்பாத.”

எனக்கு அது பிடித்துப்போனது. நானும் கூடவே மிதித்து, அதையே பாட்டாகச் சொன்னேன்.

இருபது நாள் கழித்துப் புழு நடந்தது. செங்கம்பளிப்புழு சின்னதாக இருக்கையில் ஒரே இலையில் கூட்டமாகச் சுரண்டும். பெரிதானதும் ஆளுக்கொரு வழி, ஆனால் எல்லாம் ஒரே திசை. விரல் நீளம், சிவந்த பழுப்பு மயிர், குதிரை மாதிரி வேகம். ஒரு காட்டைத் தின்று முடித்தால் அடுத்த காட்டுக்கு ஊர்வலமாகப் போகும். காட்டோரம் நின்றால் ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதெல்லாம் பல். அந்த மயிர் பட்ட இடம் தடித்துத் தடித்து வீங்கும். என் ஆத்தா கை இரண்டிலும் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு அழுதாள், அரிப்புக்கா கடலைக்கா என்று தெரியாது.

எங்கள் காடு மூன்று நாளில் நரம்பாகப் போனது. மேற்குக் காடு, கிழக்குக் காடு எல்லாமே அப்படி. சின்னாத்தா எங்கள் காட்டுக்கும் அவள் காட்டுக்கும் நடுவே ஒரு முழ ஆழத்துக்கு ஓடை வெட்டிவிட்டாள். புழு அதில் விழுந்து ஏற முடியாமல் குவிந்தது. அவளும் ஒற்றை ஆளாக மண்ணைத் தள்ளித் தள்ளி மூடினாள். ஊரே மொட்டையாக நின்றபோது அந்த ஒரு காடு மட்டும் பச்சென்று, மஞ்சள் பூவோடு நின்றது.

அது யாருடைய காடு? தீ மூட்டாதவளுடைய காடு.

பேச்சு கிளம்பியது. விடியுமுன் குழந்தையோடு காட்டுக்குப் போகிறாள். மூலையில் குழி வெட்டியிருக்கிறாள். தன் காட்டுப் புழுவை மற்ற காடுகளுக்கு ஏவிவிட்டாள். மேற்குக் காட்டுக்காரி இதைக் கிணற்றடியில் சொன்னாள், காவல்காரர் டீக்கடையில் சொன்னார், கடைசியில் நிலத்து முதலாளி காதுக்குப் போனது. முதலாளி ஊரைக் கூட்டினார். அவருடைய களத்தில், உச்சி வெயிலில். உங்கள் ஆத்தாமார் எல்லாரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நீங்களும் அவர்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தீர்கள்.

சின்னாத்தா சொன்னாள், இலையடியில் முட்டை இருந்தது, கிள்ளினேன் என்று. “எங்க, காட்டு பாப்பம்?” என்றார் ஒருவர். முட்டையெல்லாம் பொரித்துப் புழுவாகி நாளாகிவிட்டது. எதைக் காட்டுவாள்? ஆள் ஆளுக்குச் சத்தம் போட்டார்கள். முதலாளி கையை உயர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, நீதான அவ கூடப் போனவ? பொய் சொல்லப் படாது.”

பொய் சொல்லப் படாது என்று என்னிடமா? எனக்கு ரோசம் வந்தது. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“நான் பொய்யே சொல்ல மாட்டேன்.”

“காட்டுக்கு எப்பப் போனீக?”

“விடியக்காலம். மூணு நாளு.”

“போயி?”

“இலையக் கிள்ளினோம். மடியில கட்டிக்கிட்டோம். மூலையில குழி வெட்டிப் பொதச்சோம்.”

“பொதைக்கையில அவ வாயில ஏதாச்சும் சொன்னாளா?”

“சொன்னாகளே!” என்றேன். சொன்னது மட்டும் போதாதென்று, காலால் களத்து மண்ணை மிதித்து, அதே ராகத்தில் சொல்லிக் காட்டினேன். “போ, எங்கயிருந்து வந்தயோ அங்கனயே போ, எங் காட்டுப் பக்கம் திரும்பாத!”

யாரும் சிரிக்கவில்லை. நான் நன்றாகச் சொன்னதால்தான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். மேற்குக் காட்டுக்காரி தன் பிள்ளையை முந்தானையால் மூடினாள்.

“மந்திரம்ல சொல்லியிருக்கா,” என்று ஒரு குரல் கேட்டது.

சின்னாத்தா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பிறகு சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. முதலாளி பக்கம் திரும்பி, “புள்ள சொன்னது அம்புட்டும் நெசம். ஒரு சொல்லு கூட்டல,” என்றாள். என்னைப் பொய்க்காரி ஆக்கியிருந்தால் தப்பித்திருப்பாள். அவள் செய்யவில்லை.

அன்றைக்கே முடிவானது. நின்ற பயிர், புழு தின்ற வீடுகளுக்குப் பங்கு. காடு அவள் கையை விட்டுப் போகும். யாருக்கு? பக்கத்து வரப்புக்காரருக்கு, அதாவது என் அய்யாவுக்கு. அய்யா தலையைக் குனிந்தபடி, “சரிங்க மொதலாளி,” என்றார். அதைத் தவிர அன்று அவர் பேசிய பேச்சு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் சின்னாத்தா ஒரு மூட்டையும் குழந்தையுமாகத் திருத்தங்கலுக்கு நடந்தாள், தீப்பெட்டி வேலைக்கு. நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன். “வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போ குட்டி,” என்றாள். அவ்வளவுதான். நான் திரும்பி வந்து பார்த்தால் அவள் முடைந்த ஓலைக் கொட்டான் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அவள் கை பட்ட சாமான் வேண்டாம் என்றாள் ஆத்தா.

அடுத்த வருசம் அய்யா இரண்டு காட்டுக்கும் சேர்த்து ஊரே பார்க்கும்படி பெரிய தீயாக மூட்டினார். எட்டுக் கட்டு மாரு. அந்த வருசம் புழு முதலில் தின்றது அந்தக் காட்டைத்தான். அடிமட்டம் வரைக்கும் தின்றது. அய்யா ஒரு பொழுது முழுக்க வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வருசம் யாரும் களத்தில் கூட்டம் கூட்டவில்லை.

இதை நான் இத்தனை காலம் எப்படி வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னவள் என்று பெருமையாக வைத்திருந்தேன். என் பிள்ளைகளை அடித்து வளர்க்கும்போதுகூட, ‘நான் ஒம்போது வயசுல ஊரு நடுவுல நின்னு உண்மை பேசுனவ’ என்பேன். அது பெருமையாக இருக்க வேண்டுமென்றால், சின்னாத்தா ஏதோ செய்திருக்க வேண்டும். அதனால் அவள் செய்தாள் என்றே நானும் நம்பினேன். என் கண்ணால் பார்த்த முட்டையை நானே மறந்தேன். பிறகு நானும் திருத்தங்கலில் வேலைக்குப் போனபோது அவளைத் தெருவில் பார்ப்பேன். நின்று, “நல்லா இருக்கியா குட்டி?” என்று கேட்பாள். பொட்டலத்திலிருந்து காராச்சேவு அள்ளித் தருவாள். வாங்கிக்கொண்டு, அவள் போனதும் கீழே போட்டுவிடுவேன்.

அவள் மகளுக்கும் அதையே செய்தேன். என் மூத்த மகள் கல்யாணத்தில் அவள் வந்து, எல்லாப் பெண்களோடும் சேர்ந்து சீர்த்தட்டு தூக்கக் கையை நீட்டினாள். நான் அவள் கைக்கு எட்டுமுன் வேறொருத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் நீட்டிய கையால் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலச் செய்துகொண்டாள். உங்களில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தலையாட்டினீர்கள், நல்ல காரியம் செய்தாய் என்று.

போன வருசம் ஐப்பசிக்கு வருகிறேன்.

என் மூத்த மகன் ஒரு ஏக்கர் கடலை போட்டிருக்கிறான். காடு நீளவாக்கில் கிடக்கும். வடக்கு முனையில் வெடிக் கம்பெனி வேலி. தெற்கு முனையில் ரோட்டடி, அங்கே ஓர் அச்சாபீஸ். காலண்டர் சீசன் என்றால் அங்கே ராவும் பகலும் மிஷின் ஓடும், வாசலில் பெரிய மஞ்சள் லைட் எரியும். பெருமழை பெய்தது. மறுநாள் சாயங்காலம் விட்டில் கிளம்பக் கண்டேன். அறுபது வருசமானாலும் எனக்கு அந்த மஞ்சள் பட்டைக்காரியைத் தெரியாதா? மகனை ஒரு கட்டு விறகு எடுக்கச் சொல்லி, வடக்கு முனையில் குவிக்கச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி போர்மேன் ஓடி வந்தார்.

“ஆத்தா, ஆத்தா! என்ன செய்யப் போறீக?”

“பூச்சிக்குத் தீ மூட்டப் போறேன்.”

“இங்கன மடியில தீப்பெட்டிகூட வச்சிருக்கப் படாது. நீங்க என்னன்னா சொக்கப்பனை கொளுத்தணும்ங்கிறீக!”

“ஏன்யா, நீங்க ஊரு ஒலகத்துக்கெல்லாம் வெடி விப்பீக, நான் எங் காட்டுல ஒரு கட்டு வெறகு எரிக்கப் படாதா?”

“வெடி விக்கிறதாலதான் ஆத்தா சொல்றேன்.”

“புழு தின்னு போச்சுன்னா நீ வந்து நட்டுத் தருவியா?”

“புழு தின்னா கடலை போகும். ஒரு பொறி பறந்தா மருந்து ரூமு போகும், வேலைக்கு வர்ற பொம்பளைக உசுரு போகும். ஒங்க மருமகளும் இங்கனதான வேலை பாக்கு?”

விறகைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். மகன் விறகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இந்த வருசம் கடலை மொட்டைதான் என்று நானே அவனிடம் சொல்லி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மகன் வந்து நின்றான். “ஆத்தா, தீ வைக்கலேன்னா மொட்டையாப் போகும்னு சொன்னயே, வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். ஒரே காடு. ஒரே நாளில் போட்ட விதை. தெற்கே, அச்சாபீஸ் லைட் விழுகிற இடமெல்லாம் இலை நரம்பாக நின்றது. வடக்கே, தீயும் இல்லாமல், பொழுது போனால் ஒரு விளக்கும் இல்லாமல் கம்பெனி பூட்டிக் கிடக்கிற பக்கம் பச்சென்று நின்றது, மஞ்சள் பூவோடு.

நான் தெற்கேயிருந்து வடக்கே ஒவ்வொரு இலையாகத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வெளிச்சம் குறையக் குறையப் புழு குறைந்தது. யார் ஏவினார்கள் இதை? வெடிக் கம்பெனியா மந்திரம் போட்டது? வெளிச்சம் கூப்பிட்டிருக்கிறது, பூச்சி வந்திருக்கிறது. வந்த இடத்தில் முட்டை வைத்திருக்கிறது. அன்றைக்கு ஊரெல்லாம் தீ மூட்டி, எட்டுத் திசைப் பூச்சியையும் வா வா என்று நாம்தான் நம் காட்டுக்குக் கூப்பிட்டோம். செத்தது கொஞ்சம், தங்கி முட்டை வைத்தது நிறைய. இருட்டாகக் கிடந்த அவள் காட்டுக்கு வழி தப்பி வந்ததுதான் வந்தது. அந்தக் கொஞ்சத்தையும் அவள் விரலால் கிள்ளினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

வரப்பில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என் வாயில் முதலில் வந்தது அவள் பெயர் இல்லை. “நான் உண்மையத்தான சொன்னேன்” என்று வந்தது. மகன், “என்னாத்தா?” என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன்.

சின்னாத்தா செத்து எட்டு வருசம் ஆகிறது. நான் போகவில்லை. அவள் மகள் திருத்தங்கலில் இருக்கிறாள், அவளுக்கும் அறுபதுக்கு மேல். அவளுடைய பேத்தியை நம் ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், ‘அந்தப் பூச்சிக்காரி வழியா?’ என்று யாரோ சொல்லக் கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. நம்மில் ஒருத்திதான். அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள் நாம் மட்டும்தான் பாக்கி.

அதனால்தான் எழுதினேன். வரும் பங்குனிப் பொங்கலுக்கு நாம் எல்லாரும் கோயிலில் கூடும்போது என் பேத்தி இதை உங்கள் முன்னால் படிப்பாள். சின்னாத்தா மகளையும், அவளுடைய அந்தப் பேத்தியையும் நானே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்து நடுவில் உட்கார வைப்பேன். அந்த மகள் வருவாளா என்று தெரியாது. வராவிட்டால் அது அவள் நியாயம். மன்னிப்பு என்று இதில் நான் எழுதவில்லை. எழுதினால் எனக்காகக் கேட்டதுபோல ஆகிவிடும். இது எனக்காக இல்லை. அந்தக் காட்டில் பச்சை நின்றது எதனால் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவும், தெரிந்ததைச் சாகுமுன் உங்கள் மருமகள்களிடம் சொல்லவும்தான்.

ஏ தாயி, பேத்தி, இங்கே வா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் எனக்கு என் எழுத்தே தெரியவில்லை. இதை முதலிலிருந்து எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. அன்றைக்கும் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது வேறு, அவர்கள் காதில் விழுந்தது வேறு. இந்தத் தடவை முதலில் என் காதில் விழட்டும். எங்காவது அவள் மேல் குற்றம்போலக் கேட்டால் உடனே நிறுத்து. அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவோம்.

முணுமுணுக்காதே. சத்தமாகவே வாசி.